இல்லாத நோய்க்கு ஒரு மொட்டை

எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் சட்டை போட்டுக்கொண்டு மூட்டை தூக்குகிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு இடுப்பில் ஒரு கைலி, தலையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். நெல்லுச் சுனை வெறும் உடம்பில் ஒட்டினால் மத்தியானம் வாய்க்காலில் ஒரு முங்கு முங்கினால் போய்விடும். சட்டைக்குள் போன சுனை சாயங்காலம் வரைக்கும் பிடுங்கித் தின்னும். அப்படியும் நான் சட்டையைக் கழற்றியது கிடையாது. காரணம் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மார் பெண்களுக்கு இருப்பதுபோல இருந்தது.

மீசை அரும்பும்போது வந்தது. தானாகப் போய்விடும் என்று அம்மா சொன்னாள். போகவில்லை. மூட்டை தூக்கித் தூக்கிக் கையும் காலும் முதுகும் இறுகிப் போயின. அந்த இரண்டு இடம் மட்டும் இறுகவில்லை. எங்கள் மேஸ்திரி குணசேகரன் எனக்கு 'ஆத்தா' என்று பெயர் வைத்தார். நான் முதுகில் மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறும்போது, ஆத்தாவுக்கு வழி விடுங்கடா, பிள்ளை பசியில அழுவுது என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காமல் போனால் மறுநாள் அது இன்னும் பெரிதாகும். முருகையன் என்ற என் பெயரை வாக்காளர் பட்டியலிலும் என் மகள் மதிவதனியின் பள்ளிக்கூடச் சான்றிதழிலும்தான் பார்க்கலாம்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. என் கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டவர். என் அம்மா செத்தபோது முன்னால் நின்று பாடை கட்டியவர். ஆனால் வாய் மட்டும் நிற்காது.

போன மாசியில் சம்பா கொள்முதல் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று மழை அடித்தது. களத்தில் குவிந்து கிடந்த நெல்லுக்குத் தார்ப்பாய் இழுத்துப் போட ஓடினோம். என் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. லாரி டிரைவர் ஒருவன் வண்டிக்குள் உட்கார்ந்தபடி அதைப் போனில் பிடித்து, ஒரு குத்துப்பாட்டையும் சேர்த்து அனுப்பிவிட்டான். முகம் சரியாகத் தெரியாது. மார் தெரியும்.

மதிவதனி தஞ்சாவூரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து பேர் பதிகிறவள். கூட வேலை பார்க்கிற பெண் அந்த வீடியோவை அவளிடம் காட்டியிருக்கிறாள். இவளுடைய அப்பா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

"நானும் சிரிச்சேன்ப்பா," என்றாள். "நீன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அவகூட சேந்து சிரிச்சேன்."

அதற்கு மேல் அவள் அதைப் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து, என்னைத் தஞ்சாவூருக்கு வரச் சொன்னாள். இதற்கென்றே ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார், ஒரு நாளில் முடிந்துவிடும் என்றாள். நான் மாட்டேன் என்றேன். பொம்பளைங்க மூக்கைச் சரி பண்ணிக்கொள்வதுபோல, சினிமாக்காரர்கள் முகத்தை இழுத்துக் கட்டிக்கொள்வதுபோல, மூட்டை தூக்குகிறவனுக்கு எதற்கு அழகு ஆபரேஷன்? என் மனைவி கண்ணாத்தாளும் அதையேதான் கேட்டாள். "இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறீங்க?"

மதிவதனி விடவில்லை. தன் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வாயில் கம்பி மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சிரித்துக்கொண்டு போகிறார்கள், யாரும் ஒளிக்கவில்லை, பல்லுக்கு ஒரு நியாயம் மாருக்கு ஒரு நியாயமா என்றாள். கடைசியில் போனேன். டாக்டர் அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, இது நோய் இல்லை, சில ஆண்களுக்கு இப்படி வளர்ந்துவிடும், நிறையப் பேர் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நிறையப் பேரா, நான் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லையே என்றேன். அவர் சிரித்தார்.

"யாரும் சொல்லிக்கிறதில்லைங்க. நீங்க மட்டும் சொல்லவா போறீங்க?"

கோடையில், கொள்முதல் ஓய்ந்த பிறகு, ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரித்த அன்றைக்கு வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். பரம்படித்த வயல் மாதிரி சமமாக இருந்தது. கீழ்ப்பக்கம் இரண்டு பக்கமும் பிறை மாதிரி சின்னக் கோடு. கையை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். கண்ணாத்தாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது. அவளும் இத்தனை வருஷம் சிரிப்பைத் தாங்கியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது.

குறுவை கொள்முதல் தொடங்கியதும் முதல் நாளே சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு மூட்டைக்கு முதுகைக் கொடுப்பேன் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், அவர்களே பார்க்கட்டும் என்று. மதிவதனியிடம் மட்டும் என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன், ஒருத்தரிடமும் வாயைத் திறக்கக்கூடாது என்று.

அப்படி நடக்கவில்லை. வெளியில் இறங்கிய முதல் நாள் லியாகத் அலி பாய் கடையில் டீ குடிக்கப் போனேன். என்னப்பா, ஆளையே காணோம் என்று பாய் கேட்டார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கண் என் முகத்தில் நிற்காமல் கீழே இறங்கியது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"நெஞ்சுல ஒரு கட்டி பாய். தஞ்சாவூர்ல எடுத்துட்டாங்க."

பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். பிறகு என் டம்ளரில் மட்டும் ஆடையோடு பாலை ஊற்றி, மெதுவாக என் முன்னால் வைத்து, அல்லா இருக்கான் என்றார்.

எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது என்பார்கள், அந்த வியாதி என்பார்கள், இல்லாவிட்டால் கட்டி என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்துவதுதான் பெயர். நானும் கட்டி என்று சொல்லி நிறுத்திவிட்டேன். தஞ்சாவூர் ஆபரேஷன் வேறு. ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

கொள்முதல் தொடங்கிய அன்று மூட்டைக்குக் குனிந்தேன். குணசேகரன் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். நீ தூக்கக்கூடாது, போய் உட்கார்ந்து சாக்கு தை என்றார். கோணி ஊசியும் சணலும் கையில் கொடுத்து நிழலாகப் பார்த்து உட்கார வைத்தார்கள். வயசானவர்கள் பார்க்கிற வேலை அது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்குகிற தெம்பு இருந்தது. ஆனால் நான் எழுந்தாலே யாராவது ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். சட்டையைக் கழற்றலாம் என்று முதல் பொத்தானில் கை வைத்தபோது, சுற்றி இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள். பொத்தானை விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் நடந்தது. ஆத்தா என்று யாரும் கூப்பிடவில்லை. முருகையா என்றார்கள், முருகையண்ணே என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் அடுத்த நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அதற்கு அடுத்த நாளும்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் குணசேகரன் என் வீட்டுக்கு வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வந்திருக்கிறார். உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த இடத்தை வெள்ளித் தகட்டில் அடித்து அங்கே உண்டியலில் போடுவார்கள், உப்பும் மிளகும் கொட்டுவார்கள். எனக்காக அவர் மார் உரு போட்ட தகடு வாங்கிப் போட்டிருக்கிறார். தானே மொட்டையும் போட்டுக்கொண்டிருக்கிறார். பிரசாத உருண்டையை என் கையில் வைத்துவிட்டு என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நோவுன்னு தெரியாமப் போச்சுடா முருகையா. நோவ வச்சுக்கிட்டு மூட்ட தூக்குனவனப் பாத்து இத்தன வருசம் சிரிச்சிருக்கன். எனக்குப் பேரன் பேத்தி இருக்கு. அந்தப் பாவம் அதுங்க மேல எறங்கிடக் கூடாது."

அந்த நேரத்தில் என்ன சொல்வது? அண்ணே, அது நோவு இல்லை, நீங்கள் சிரித்ததைத் தாங்க முடியாமல் அறுத்துப் போட்டுவிட்டேன் என்று சொல்லலாம். அவர் மொட்டையைப் பார்த்தேன். மண்டை பூராவும் கத்தி பட்ட சின்னச் சின்னக் கீறல். நான் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டேன். கண்ணாத்தாள் அவருக்கு மோர் கொடுத்தாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மதிவதனிக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊர், பையன் பெயர் பரிதி. கால்நடை மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கிறான். அவனுடைய அப்பா தமிழரசன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆவணியில் வந்து பெண்ணைப் பார்த்தார்கள், பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஐப்பசியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று பேச்சு. பரிதி சுருள் சுருளாக முடி வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தான். என் மகளுக்கு அவனைப் பிடித்திருந்தது. போன் வந்தால் கொல்லைப் பக்கம் போய்ச் சிரித்துப் பேசுவாள். அந்தச் சிரிப்பு எனக்குப் புதிது.

புரட்டாசி பாதியில் போன் குறைந்தது. தமிழரசன் பேசுவதை நிறுத்திவிட்டார். நான் கூப்பிட்டால் அவர் மனைவி எடுத்து, அவங்க வயலுக்குப் போயிருக்காங்க என்பார். சம்பந்தத்தைப் பேசிவிட்டவர் ரெமிஜியஸ், தமிழரசனோடு டிரைவராக ஓடியவர். அவரைப் பார்க்கப் போனேன். அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு இழுத்து இழுத்துச் சொன்னார். உங்கள் மேஸ்திரி கோயிலுக்குப் போன பஸ்ஸில் யாருக்காக மொட்டை என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார், அது அங்கே எட்டிவிட்டது, அவர்கள் குடும்பத்தில் ஏற்கனவே ஒரு உயிர் அப்படிப் போயிருக்கிறது, ரத்தத்தில் தொடருமோ என்று வீட்டில் பெண்கள் பயப்படுகிறார்கள். அப்போதும் அவர் நோயின் பெயரைச் சொல்லவில்லை. யாராவது சொன்னால்தானே இல்லை என்று நான் மறுக்க முடியும்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். மதிவதனி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீ கேன்சர்னு சொல்லலப்பா. ஆனா இல்லைன்னும் சொல்லல," என்றாள்.

கொழுப்பு, நரம்பு என்று வேறு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமே என்று கண்ணாத்தாள் முனகினாள். மதிவதனி அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பரிதி ஒரு தடவை நேராகவே கேட்டானாம், உங்க அப்பாவுக்கு என்ன என்று. இவள் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டாளாம்.

"உன் தலைல அடிச்சு சத்தியம் வாங்கியிருக்க. நீ விட்டாத்தான் நான் பேச முடியும். என்னை விடு, இல்ல நீயே போய்ச் சொல்லு. எனக்குப் பொய்ல ஆரம்பிக்க வேணாம்."

என் மகள் என் மாரைப் பற்றித் தான் கட்டிக்கப்போகிறவனிடம் பேசுவதா? அதற்கு நானே போய்ச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. மறுநாள் காலையில் பஸ் ஏறினேன்.

தமிழரசன் வயலில் இருந்தார். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. அவர் மடைக்குப் பக்கத்தில் வரப்பில் குடையை ஊன்றி நின்றார். வாங்க சம்மந்தி என்று கூப்பிட்டாரே தவிர முகம் கொடுக்கவில்லை. நடவு ஆட்கள் காதில் விழாத தூரத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நான் அழப்போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும், குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த எதுவும் வாயில் வரவில்லை. எனக்கு மார் பெரிசாக இருந்தது, ஊர் சிரித்தது, போய் எடுத்துவிட்டேன், வேறு ஒரு வியாதியும் இல்லை என்று மளமளவென்று சொல்லி முடித்தேன். அவர் குடையை மறுகைக்கு மாற்றினார்.

"வலிச்சுதா?" என்று கேட்டார்.

பரவாயில்லைங்க என்றேன்.

"எதுக்கு சம்மந்தி? இந்த வயசுக்கு மேல?"

"சட்டையக் கழட்டிட்டு வேலை செய்யணும்னு ஆசைங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சட்டை போட்டிருந்தேன், கழுத்துப் பொத்தான் வரைக்கும். அவர் அதைக் கேட்கவில்லை.

"நோவுன்னாகூட வெளியில சொல்லிக்கலாம். பாவம்னுவாங்க, போயிடுவாங்க. இத எங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஆம்பள அழகு பண்ணிக்கப் போனாருன்னா பிள்ளைக்குட்டி வரைக்கும் பேசுவாங்க."

நான் மகளுடைய வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். போய்விட்டு வருகிறேன் என்று திரும்பினேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார். குடையைத் தாழ்த்தி, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மறைத்துக்கொண்டு பேசினார். பரிதிக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே முடி கொட்டி நெற்றி ஏறிவிட்டதாம். பெண் பார்க்கப் போன இரண்டு வீட்டில் பையனுக்கு வயது கூட என்று தட்டிக் கழித்துவிட்டார்களாம். மூன்றாவது வீட்டில் பெண்ணே சிரித்துவிட்டாளாம். திருச்சிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருக்கிறான். வீட்டில் இவருக்கும் இவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

கை காட்டினார். வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்றை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

"இதேதான். பின்னால நாத்துப் பறிச்சு முன்னால நட்டிருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. குடைக்குள் இரண்டு பேரும் சத்தம் வராமல் குலுங்கினோம். இத்தனை மாதத்தில் அப்போதுதான் எனக்கு மூச்சு நேராக வந்தது. சொல்லிவிட்டால் இப்படித்தான் லேசாகிவிடும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சிரிப்பை முதலில் நிறுத்தினார்.

"உங்க பொண்ணுக்குத் தெரிய வேணாம் சம்மந்தி. பையன் தாலி கட்டுற வரைக்கும் சொல்லாதீங்கன்னு கெஞ்சியிருக்கான். அப்புறமும் வேணாம்பான். உங்க விஷயமும் என்கூடப் போவட்டும். ஊருக்குக் கொழுப்புக் கட்டின்னு சொல்லிடுவோம், பரிசோதனையில ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சுன்னு. நான் எங்க வீட்டுல சொல்லிக்கிறேன். ஐப்பசியிலயே நிச்சயத்த வச்சிடலாம்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பொய்யில் ஆரம்பிக்க வேண்டாம் என்று சொன்னவள் வீட்டில் காத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவள் பரிதியின் முடியைப் பற்றி ஒரு நிமிஷம்கூடக் கவலைப்பட மாட்டாள், அது எனக்குத் தெரியும். அவன் தன்னிடம் மறைத்ததைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்வாள். அவனிடம் கேட்பாள். அவன் அப்பாவிடம் கேட்பான். அவர், முருகையன் வாய் நிற்காதவன் என்பார். என் மாரும் அவன் தலையும் ஒரே நாளில் இரண்டு ஊருக்கும் தெரிந்துவிடும். சரிங்க என்றேன். அவர் குடையை உயர்த்தினார்.

வீட்டு வாசலிலேயே மதிவதனி நின்றுகொண்டிருந்தாள். சொன்னியாப்பா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சரி என்றுவிட்டார்கள், ஐப்பசியிலேயே நிச்சயம் என்றேன். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்தபோது சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

"பாத்தியா? நான் சொன்னேன்ல. சொல்லிட்டா ஒண்ணுமே இல்ல. அவங்க என்ன சொன்னாங்க? அவங்களும் மனசு விட்டுப் பேசினாங்களா?"

"நடவு நடக்குது. அதப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்," என்றேன்.

சத்தியத்திலிருந்து இனிமேல் என்னை விட்டுவிடு என்றாள். இப்போது வேண்டாம், அவர்கள் வீட்டுப் பெண்களுக்குச் சம்மந்தியே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறாராம், அதுவரைக்கும் கொழுப்புக் கட்டி என்று இருக்கட்டும் என்றேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. அப்புறம் என் தோளில் தட்டி, சரி, அவர் வரைக்கும் சொல்லிட்டல்ல, அது போதும் என்றாள். அவளிடம் சொல்லக்கூடாத ஒன்று என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டுவிட்ட கை அது. அந்தக் கையை நான் தோளிலிருந்து எடுத்துவிட்டு, குளிக்கணும் என்று உள்ளே போனேன்.

மறுநாள் கொள்முதல் நிலையத்தில் குணசேகரனிடம் சொன்னேன். பரிசோதனை வந்துவிட்டது அண்ணே, வெறும் கொழுப்புக் கட்டியாம், ஒன்றும் இல்லையாம் என்று. இனி சாக்கு தைக்க வேண்டாம், மூட்டை தூக்கலாம், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். அவர் அப்படியே களத்தில், நெல்லுக்கு நடுவில், கிழக்கே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாத்திப்புட்டான்டா வைத்தீசன். இருந்தத இல்லாமப் பண்ணிட்டான்."

சுற்றி இருந்தவர்களும் கும்பிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பாய் கடை வரைக்கும் அது போய்விட்டது. உடம்பு தப்பியவன் தானே போய் முடி கொடுத்தால்தான் வேண்டுதல் நிறையும் என்று குணசேகரன் சொன்னார். வரும் செவ்வாய்க்கிழமை வேன் பிடித்து எல்லாரும் போவது என்று அவரே முடிவு செய்துவிட்டார். சம்மந்தி வீட்டுக்கும் அவரே ஆள் அனுப்பினார். வர மறுத்தால் தப்பாகப் போகும் என்று தமிழரசன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

வேனில் குணசேகரனுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. பரிதியின் தலையைப் பார்த்து, மாப்ள முடி நல்லா வெளைஞ்சிருக்கே, மாமனாருக்காக நீங்களும் குடுத்தா என்ன, கல்யாணத்துக்குள்ள வளந்துடாதா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பரிதிக்குக் கை தானாகப் பின்மண்டைக்குப் போனது. மழித்தால் முடி பறித்து நட்ட தழும்பு தெரிந்துவிடும். தமிழரசன் சன்னலுக்கு வெளியே பார்த்தார், ஆனால் அவர் காது என் பக்கம் இருந்தது. கல்யாண மாப்பிள்ளை தலையில் கத்தி வைக்கக்கூடாது அண்ணே, எங்கள் பக்கம் அது ஆகாது என்று நான் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. குணசேகரன் சரி சரி என்று விட்டுவிட்டார். பரிதி என்னை நன்றியோடு பார்த்தான். அவனுக்கு நான் தெரிந்து சொன்னேனா தெரியாமல் சொன்னேனா என்று தெரியாது. மதிவதனி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

முடி எடுக்கிற இடத்தில் கூட்டம் இல்லை. பலகையில் உட்காரப் போனேன். முடி எடுக்கிறவர் கத்தியில் புதுப் பிளேடு மாட்டிக்கொண்டே, சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க, முடியெல்லாம் உள்ள போவும் என்றார்.

எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். கண்ணாத்தாள், மதிவதனி, தமிழரசன், பரிதி, என்னோடு மூட்டை தூக்குகிறவர்கள். நான் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினேன். சட்டையை எடுத்ததும் வெயில் மாரில் பட்டது. இப்படி வெளியில், நாலு பேருக்கு நடுவில், வெயில் பட்டது எனக்கு ஞாபகமே இல்லை. சூடாக, நன்றாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவர் சுவரில் எழுதியிருந்த கட்டளைதாரர் பெயரைப் படித்தார். ஒருவர் செருப்பைத் துடைத்தார். நோயாளியின் உடம்பை உற்றுப் பார்க்கக்கூடாது என்ற மரியாதையில் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். தமிழரசன் மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குணசேகரன் என் முன்னால் வந்து குந்தினார். இரண்டு பிறைக் கோட்டையும் பார்த்தார். மூட்டை பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் ஒன்றைத் தொட்டார். அந்த விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அண்ணே என்றேன். அவர் தலையில் அப்போதுதான் முடி குச்சி குச்சியாக முளைத்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னால் மதிவதனி நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா ஒருவழியாகச் சட்டையைக் கழற்றிவிட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளை ஒட்டிப் பரிதி நின்றான்.

என்னடா என்று குணசேகரன் கேட்டார். ஒன்றுமில்லை அண்ணே என்றேன்.

தலையைக் குனிங்க என்றார் முடி எடுக்கிறவர். குனிந்தேன். தண்ணீர் தலையிலிருந்து வழிந்து மாரில் இறங்கியது. முடி கொத்துக் கொத்தாக விழுந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. முடிந்ததும் குளித்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் வெயிலில் நிற்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் குணசேகரன் என் சட்டையை உதறி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல இதப் போடுடா. ஆபரேஷன் பண்ணுன ஒடம்பு, காத்து படக்கூடாது."

கையை நீட்டினேன். அவரே பொத்தானைப் போட்டுவிட்டார், கழுத்து வரைக்கும்.